இரண்டாம் குழுவின் முறை

புதன்கிழமை மாலை

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே மை அப்பியிருக்கும் இடத்தில் முதலில் ‘மிஸ்’ என்று எழுதி அடித்தேன். மிஸ் என்று கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டேன், அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று முதல் நாளே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. முதல் குழுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீங்கள் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிறவள் நான். “மத்தவங்களும் கொஞ்சம் பேசட்டும்மா” என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது என்னைப் பார்த்துத்தான்.

இன்று கடைசிப் பாடவேளைக்குக் கால்கள் தாமாகவே ஓவிய அறைக்குப் போய்விட்டன. நாற்காலிகளை யாரும் இன்னும் வரிசையில் திருப்பிப் போடவில்லை. நீங்கள் போட்டபடியே வட்டமாக இருக்கின்றன. பார்த்து வரைவதற்கு வைத்திருக்கும் மூக்கு உடைந்த பொம்மைத் தலை மட்டும் அலமாரிமேல் உட்கார்ந்து வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது.

உங்கள் ஆராய்ச்சி என்ன என்று அம்மா கேட்டாள். நான் விளக்கியது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் தேர்வு பயம் உள்ளவர்களை, எதற்கு எவ்வளவு பயம் என்று கேட்கும் வினாத்தாள் வைத்துக் கண்டுபிடித்தீர்கள். சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தீர்கள். முதல் குழுவுக்குப் புதன்கிழமைதோறும் பயத்தைக் கையாளச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டாம் குழுவுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் வினாத்தாள் மட்டும் கொடுத்தீர்கள். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால்தான் உங்கள் பயிற்சியால் பலன் உண்டா என்று தெரியும். அம்மாவுக்குப் புரிவதற்காக, இரண்டு தொட்டியில் ஒரே செடியை வைத்து ஒன்றுக்கு மட்டும் உரம் போடுகிற மாதிரி என்றேன். அம்மா பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். அவள் எல்லாவற்றையும் காத்திருக்கிறவர்கள் பக்கமிருந்துதான் பார்ப்பாள். “உரம் போடாத தொட்டியில இருக்கறது யார் வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டாள்.

அது பென்சில். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்காருகிறவள். உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் அந்தப் பெயர். யாராவது கேலி செய்தால், “சீவச் சீவக் கூர்மையாவேன், ஜாக்கிரதை” என்பாள். அன்று டப்பாவில் நானும் அவளும் ஒன்றாகத்தான் கையை விட்டோம். எனக்கு ஒன்று என்று வந்தது, அவளுக்கு இரண்டு. பரவாயில்லை, இரண்டாம் குழுவின் முறை அடுத்த பருவத்தில் வரும், அவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுப்பேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்.

முதல் குழுவில் நடப்பதில் ஒரு வார்த்தைகூட இரண்டாம் குழுவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் உங்கள் இரண்டு வருட உழைப்பும் வீண் என்று சொல்லி, எங்கள் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டிச் சத்தியம் வாங்கினீர்கள். நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று பென்சில் கேட்டாள். சொல்ல முடியாது என்றேன். “ஏன்டி, ராணுவ ரகசியமா? எதிரி நாடு நானா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் முறை எப்போது என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தேதி தெரிந்தால் எழுதுங்கள். நானும் பெரியவளானால் உங்களைப் போல ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் அன்புள்ள,
ஜன்னலோரம் உட்காருகிறவள்

*

ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். என் முதல் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. நீங்கள் வேலையாக இருப்பீர்கள். இது அவசரம் என்பதால் மறுபடி எழுதுகிறேன். அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. எனக்குக் கைகள் நடுங்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மூன்றையும் செய்தேன். உள்ளங்கையை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு விரலின் ஓரமாகவும் மறுகை விரலை ஓட்டி மூச்சு விட்டேன். தெரிந்த கேள்வி எங்கே இருந்தாலும் அதிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவதாக, என்னதான் மோசமாக நடந்துவிடும் என்று பயப்படுகிறேனோ அதைத் தேர்வுக்கு முன்பே ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். கேட்பவர் புத்திமதி சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்பீர்களே, அது. என் குழுவில் எனக்குத் துணையாக நீங்கள் போட்டது வகுப்புத் தலைவியை. அவள் ஓயாமல் பேசுகிறவள். ஆனால் இதை மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வோம்.

ஒரு நாள் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பென்சில் படியேறி வந்தாள். நான் சட்டென்று நிறுத்திவிட்டேன். அவள் எங்கள் இருவருக்கும் நடுவே வழி கேட்டு ஏறிப் போனாள். “சாரி, உங்க மீட்டிங்கைக் கெடுத்துட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும்போது எனக்காகக் காத்திருப்பதில்லை. பெஞ்சில் மட்டும் பக்கத்தில் இருக்கிறாள்.

தேர்வில் அவளுக்கு எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அவள் வினாத்தாளைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி. எனக்குக் கணக்கு வருவதே அவளால்தான். பாடப் புத்தகத்தில் உள்ளதை விட்டுவிட்டு, அவள் அப்பாவின் பூட்டுக் கடையில் தொங்கும் சாவிகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் தேர்வுத் தாளைக் கையில் வாங்கியதும் உறைந்துவிடுவாள். பதிவு எண்ணை எழுதுவாள், அதன் கீழே கோடு போடுவாள், அந்தக் கோட்டின்மேலேயே மறுபடி மறுபடி போட்டுத் தாளைக் கிழித்துவிடுவாள். மணி அடித்து வெளியே வந்ததும் எல்லா விடையும் வந்துவிடும். இந்தத் தடவையும் குழாயடியில் கைகழுவிக்கொண்டே கடைசிக் கணக்குக்கு என்னிடம் விடை சொன்னாள். தாளில் ஒன்றும் இல்லை.

கணக்கு ஆசிரியை வகுப்பில் வெற்றுத்தாளை உயர்த்திக் காட்டி, “இதை மடிச்சு வெச்சுக்கோம்மா, அடுத்த தேர்வுக்கு ஆகும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பென்சிலும் சிரித்தாள். பெஞ்சுக்கு அடியில் அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. நடுக்கம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். அவர் கோபக்காரர் இல்லை, அக்கா. தலைமையாசிரியை அறைக்கு வெளியே என்னைப் பார்த்துப் பேசினார். “பூட்டு திறக்கலைன்னா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவேன் பாப்பா. இவளுக்கு எங்க விடறதுன்னு தெரியலையே” என்றார். பொதுத் தேர்விலும் இப்படியே ஆனால் வெளியூரில் தையல் பட்டறை வைத்திருக்கும் அத்தையிடம் அனுப்பிவிடப்போகிறார். தேர்வு என்று சொன்னாலே ராத்திரி சாப்பிடாத பிள்ளையை இன்னும் எத்தனை தடவை அதே அறைக்குள் தள்ளுவது என்று கேட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டாம் குழுவுக்கான புதன்கிழமைகளைப் பொதுத் தேர்வுச் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஓவிய அறையில் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கியாகிவிட்டது. நான் துணிந்து தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன். “முதல்ல பாடத்தை முடிக்கட்டும், மனசை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்றையும் பென்சிலுக்கு நானே சொல்லிக்கொடுக்கட்டுமா? அவளுக்கு மட்டும். வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். சத்தியம் செய்ததை நானாக உடைக்க எனக்கு மனம் வரவில்லை. “உன்னை மாதிரி ஒருத்திகிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்தா, வீடு தீப்பிடிச்சாக்கூட அனுமதி வாங்கிட்டுத்தான் திறப்பே” என்று அம்மா சொல்கிறாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜன்னலோரம் உட்காருகிறவள்

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு வேலைக்கு நடுவிலும் எனக்குப் பதில் எழுதினீர்களே. உறையில் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பார்த்ததும் அம்மாகூட கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினாள்.

நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. இரண்டாம் குழுவின் வகுப்புகள் தள்ளிப்போனதால் ஒப்பிடுவதையும் நீட்டித்துவிட்டீர்கள், பொதுத் தேர்வு முடிந்து கடைசி வினாத்தாளை வாங்கும்வரை ஆய்வு முடியாது. அதற்குள் ஒருத்தி ஒருத்தியிடம் சொன்னால்கூட முடிவு முழுவதும் கலங்கிவிடும். இது பலன் தருகிறது என்று நிரூபித்துவிட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாம், பென்சிலைப் போன்ற ஆயிரம் பிள்ளைகளுக்கு உதவும். அதுவரை அவள் வகுப்பாசிரியையிடம் பேசட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வகுப்பாசிரியையும் கணக்கு ஆசிரியையும் ஒருவர்தான், அக்கா. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

‘நீ நல்ல பிள்ளை, பொறுத்துக்கொள்’ என்ற வரியைப் பல தடவை படித்தேன். உன் தோழிக்கு என் அன்பைச் சொல் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைச் சொல்லலாமா, அதுவும் விதிக்குள் வருமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். “யாரு, வினாத்தாள் அக்காவா? என்னை அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். நான் கடிதம் எழுதியதைச் சொன்னேன். அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. “என்ன சொன்னாங்க? எங்க முறை வருதாமா?” என்றாள். இல்லை, தேர்வுக்குப் பிறகுதான் என்றேன். “தேர்வுக்கு அப்புறம் தேர்வு பயத்துக்கு மருந்து. நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

நேற்று சிறப்பு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் பையை மாட்டிக்கொண்டேன். அப்போது கேட்டாள். கெஞ்சவில்லை, அக்கா. ரப்பர் கடன் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். “உனக்கு மட்டும் கை நடுங்குறதில்லையே, எப்படின்னு சொல்லேன்” என்றாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கை மேசைமேல் விரிந்து கிடந்தது. அந்த விரல்களின் ஓரமாக என் விரலை ஓட்டினால் போதும், சொல்லவே வேண்டாம். ஆனால் ஆயிரம் பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியதை நினைத்தேன். “இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் எல்லாம் சொல்றேன்” என்றேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சரிடி, நீ கிளம்பு. உங்கம்மா தேடுவாங்க” என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்வது சரிதானே, அக்கா? சரிதான் என்று இன்னொரு முறை எழுதினால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

தங்கள் சொல்லைக் காப்பாற்றும்,
ஜன்னலோரம் உட்காருகிறவள்

*

திங்கட்கிழமை

அக்காவுக்கு,

வணக்கம். பொதுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கமும் பள்ளிக்கு வந்தது. இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபமாக எழுதக் கூடாது என்று இதை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கணக்குத் தேர்வன்று பென்சில் எனக்கு முன்னால், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் முதுகும் மேசைமேல் இருந்த கைகளும் தெரிந்தன. தாள் கொடுத்தார்கள். அவள் பதிவு எண்ணை எழுதினாள். கோடு போடப்போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்தாள். வலது கை விரலால் ஒவ்வொரு விரலின் ஓரமாகவும் மெதுவாக ஓட்டினாள். ஏறும்போது மூச்சை இழுத்து, இறங்கும்போது விட்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி அப்படியே, அக்கா.

நான் எழுதுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலுக்கு வந்து முடித்தாள். மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும். பிறகு கையைச் சுருட்டிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை பேனாவை எடுக்கவேயில்லை.

வெளியே குழாயடியில் வகுப்புத் தலைவியைப் பிடித்து, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “எல்லாருக்கும்தான் தெரியும். முதல் வாரமே அவங்கவங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டாங்க. நீ நிஜமாவே யார்கிட்டயும் சொல்லலையா?” என்றாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், “பாரேன், ஒருத்தி சத்தியத்தைக் காப்பாத்தியிருக்கா. சிலை வைக்கலாம்” என்றாள். அவர்கள் சிரித்தது கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையாகவே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

பென்சில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றாள். அவளிடம் ஓடினேன். அவளே பேசினாள். “விரல் விஷயம் எனக்கு அப்பவே தெரியும்டி. உன் வகுப்புத் தலைவிதான் பாவம் பார்த்துச் சொன்னா” என்றாள். தெரிந்துகொண்டே என்னிடம் ஏன் கேட்டாய் என்றேன். “நீ சொல்றியான்னு பார்த்தேன்” என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: “முதல் ரெண்டையும் தனியா செஞ்சுக்கலாம். மூணாவதுக்கு ஒரு ஆள் வேணுமே. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? எனக்கு இருந்ததே நீ ஒருத்திதான். நீ என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கிட்டே.”

இந்த வார்த்தைகளை நான் எதுவும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். உங்கள் ஆராய்ச்சியில் எங்காவது சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை.

அவள் கணக்கில் தேறவில்லை. நான் தேறிவிட்டேன். சாவிகளை வைத்து அவள் சொல்லிக்கொடுத்த மாதிரிக் கணக்கு ஒன்று கேட்டிருந்தார்கள். முழு மதிப்பெண். மதிப்பெண் பட்டியலை அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் தேவலை.

முடிவு வரும் முன்பே பென்சிலை அத்தை வந்து அழைத்துப்போய்விட்டாள். போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்குப் போனேன். அவள் அப்பா ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அங்க யாரும் பேப்பரைக் கொடுத்து எழுதச் சொல்ல மாட்டாங்க பாப்பா. நிம்மதியா சாப்பிடுவா” என்றார். எனக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். சாவிகள் தொங்குகிற ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏதாவது சொல்லி அனுப்புகிறாயா என்று கேட்டார். என்ன சொல்லி அனுப்புவது?

உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை இன்று காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை வாசித்தார். இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்றிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. நன்றியுரைக்கு மேலே ஒரு வரி இருந்தது. இரண்டாம் குழுவில் இடையில் விலகியவர் ஒருவர் என்று. கடைசி வினாத்தாள் கொடுத்தபோது அவள் வகுப்பில் இல்லை. அதனால் அப்படிப் போட்டிருப்பீர்கள். அவள் விலகவில்லை, அக்கா. காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

வேறுபாடு இல்லாமல் போனதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். நான் ஒருத்தி சொல்லாமல் இருந்ததால் உங்கள் ஆய்வும் பிழைக்கவில்லை, அந்த ஆயிரம் பிள்ளைகளுக்கும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. உங்கள்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் எங்களிடம் அன்பாக இருந்தீர்கள். அன்பாக இருந்ததால்தான் நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

அடுத்த வகுப்புக்குப் போனால் என் பெஞ்சில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இனி எதுவும் கேட்க மாட்டேன். அந்தத் தையல் பட்டறையின் முகவரியைத் தனித் துண்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் பென்சிலுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த விதி உங்களுடையது, நான் உங்களிடம் அனுமதி கேட்டேன், நீங்கள்தான் பொறுக்கச் சொன்னீர்கள் என்று எழுத வேண்டும். நான் எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அவள் மனம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாம் குழு என்று ஆரம்பிக்காதீர்கள். எண்ணும் போட வேண்டாம். பென்சிலுக்கு என்றே எழுதுங்கள். கடைசியில், மோசமாக என்ன நடந்துவிடும் என்று பயந்தாய் என்று அவளிடம் கேளுங்கள். அவள் பதில் எழுதினால் தயவுசெய்து புத்திமதி சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் அடுத்த ஆராய்ச்சி நல்லபடியாக முடிய வேண்டும். அதில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களை மட்டும் சீட்டுப் போடாமல் ஒரே பக்கம் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பென்சிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்